முப்பத்தேழு படத்தில் சுழலும் நாற்காலி

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். தாங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், தங்களுக்கென்ன குறை.

ஒன்பது வருடங்களுக்கு முன் தங்கள் மகளின் பிறந்தநாள் விருந்தில், கூடம் நிறைந்த கூட்டத்தில், "எங்க மாப்ள பெரிய படிப்பெல்லாம் படிச்சுட்டு, கம்ப்யூட்டர்ல நாற்காலி சுத்துறார்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். தங்கள் தங்கையும் சிரித்தாள். நான் அதை மறந்துவிட்டேன். மறந்துவிட்டதைத் தெரிவிக்கவே இக்கடிதம்.

சென்ற மாதம் நான் வேலை பார்க்கும் மரச்சாமான் கடை, கைப்பிடியை இழுத்தால் சாயும் தோல் நாற்காலி ஒன்றை இணையதளத்தில் விற்பனைக்குப் போட்டது. வாங்குபவர் விரலால் தள்ளினால் அது முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். ஐந்து பாகைக்கு ஒன்றாக எழுபத்திரண்டு படங்கள் கணினியில் உருவாக்கினேன். தையல் நூல்கூடத் தெரியும். ஆனால் அத்தனையும் போனில் இறங்குவதற்குள் ஆள் வேறு கடைக்குப் போய்விடுகிறான். மேலாளர், என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், "சார், வெள்ளிக்கிழமைக்குள்ள இது போன்ல சுத்தலேன்னா வெளியாள்கிட்ட குடுத்துடுவேன். அப்புறம் உங்களுக்கு இங்க என்ன வேலைன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். அந்த 'சார்' இருக்கிறதே, அதையும் மறந்துவிடுவேன். படங்களின் கோப்பளவை அமுக்கிக் குறைத்துப் பார்த்தேன், நாற்காலி சேற்றில் விழுந்து எழுந்த மாதிரி ஆயிற்று. பாதிப் படங்களை நீக்கினேன், விக்கல் எடுத்தது போல் துள்ளியது. மேலாளர் எட்டிப் பார்த்து, "என்ன சார், பேய் பிடிச்சிருக்கா?" என்றார். வியாழக்கிழமை மதியம்தான் மண்டையில் உறைத்தது: நாற்காலியின் இடப்பக்கம் வலப்பக்கத்தின் கண்ணாடிப் பிம்பம்தானே! முப்பத்தேழு படங்களை மட்டும் அனுப்பி, மீதியைப் போனே இடவலமாகத் திருப்பிக்கொள்ளும்படி செய்தேன். சுமை பாதியானது. வெள்ளிக்கிழமை மேலாளர் தன் போனில் மூன்று தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "பரவால்லையே" என்றார். அந்த வாயிலிருந்து அது பாராட்டுப் பத்திரம்.

தங்கள் தங்கை அதைத் தங்கள் போனுக்கு அனுப்பியிருக்கிறாள். நீங்களே சுற்றிப் பாருங்கள் மச்சான். அன்று சிரித்தவர்களுக்கும் தவறாமல் காட்டுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். தங்கள் மகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
எதையும் மனதில் வைத்துக்கொள்ளாத
தங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தங்கள் தங்கை ஓடிவந்து, "அண்ணா அந்த நாற்காலிய வாங்கிட்டாராம்ங்க! இடது கைக்காரராச்சே, சாய்க்கிற கைப்பிடி ரெண்டு பக்கமும் இருக்குன்னு ஒரே சந்தோஷம்" என்றாள். மச்சான், கைப்பிடி வலப்பக்கம் ஒன்றுதான். இடப்பக்கம் தெரிவது என் கண்ணாடி வேலை. மேலாளர் இன்னும் கவனிக்கவில்லை. தயவுசெய்து புகார் எழுதாமல் வலது கையைக் கொஞ்சம் பழக்கிக்கொள்ளுங்கள். "நாற்காலி சுத்துறார்" என்று இனி எந்த விருந்திலும் தாராளமாகச் சொல்லலாம். முதலில் சிரிப்பவன் நானாக இருப்பேன்.