பொருள்: தாய்மாமன், எண்ணிக்கை: ஒன்று

அன்பும் அறிவும் அளவுக்கு மீறி வாய்த்த மருமகள் விஜிக்கு, மஸ்கட் ரூவியில் சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே செங்கோல் செலுத்தும் ஸ்டோர் கீப்பர், உன் தாய்மாமன் நாகலிங்கம் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நானும் ரூம் ஏசியும் நலம். அவ்விடம் நீயும் வரப்போகிற மாப்பிள்ளையும் போனில் சண்டை போடாமல் இருக்கிறீர்களா என்று தெரியப்படுத்தவும்.

காலேஜில் இங்கிலீஷ் பாடம் எடுக்கிற நீ, "உங்க பிரிட்டிஷ்கார மேனேஜரைப் புரிஞ்சுக்கணும்னா இதைப் பாருங்க மாமா" என்று பழைய பிரிட்டிஷ் காமெடி நாடகங்களை பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாயே, அதற்கு நன்றி சொல்ல ஓமனில் உள்ள காகிதமெல்லாம் போதாது. உன் கல்யாணத்துக்கு லீவு கேட்டு எச்.ஆர். நெய்னா முகம்மதுவிடம் போனேன். காயல்பட்டினத்துக்காரர், நம்ம ஆள் என்று நம்பிப் போனால், "அப்பா, அம்மா, பொண்டாட்டி, புள்ள, ஃபாரத்துல நாலு கட்டந்தாண்ணே. அக்கா மவளுக்குக் கட்டம் இல்ல. கலாஸ், முடிஞ்சு போச்சு" என்கிறார். "மாமன் இல்லாம மணவறையில மாலை யாருய்யா எடுத்துக் குடுப்பா?" என்று நான் கர்ஜித்ததில் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சலாலா வரைக்கும் ஜன்னல் அதிர்ந்தது. கல்நெஞ்சர், கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வயிற்றெரிச்சலோடு ரூமுக்கு வந்து பென்டிரைவைப் போட்டேன். ஒருத்தன் ஆபீசில் வந்து 'என் வீட்டைக் காணோம்' என்கிறான்; குமாஸ்தா முகம் சுளிக்காமல், 'வெளியே போகும்போது வீடு என்ன கலர் பெயின்ட் போட்டிருந்தது?' என்று ஃபாரம் நிரப்புகிறான். நான் சிரித்த சிரிப்பில் மேல்கட்டில் அருள்ராஜ் கீழே விழுந்தான். அப்போதுதான் ஞானம் பிறந்தது. நமக்கு ஃபாரம் என்றாலே கைகட்டி நிற்கத்தான் பழக்கியிருக்கிறார்கள். இந்த வெள்ளைக்காரர்களோ தங்கள் ஃபாரத்தைத் தாங்களே கிழித்துத் தோரணம் கட்டிச் சிரிக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களிடம் போய் அழலாமா? அவர்களைவிட முகத்தை விறைப்பாக வைத்துக்கொள்ள வேண்டாமா? இருபது வருஷ கிராமர் சொல்லித் தராததை அந்தக் குமாஸ்தா மூன்று நிமிஷத்தில் சொல்லித் தந்தான், போ.

மறுநாள், ஸ்டோர் சாமான் வெளியே போக நான் எழுதுகிற கேட் பாஸில் ஒன்றை மேனேஜரிடம் நீட்டினேன். 'பொருள்: தாய்மாமன். எண்ணிக்கை: ஒன்று. முப்பது நாளில் திருப்பித் தரப்படும்.'

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "பொருள் நல்ல நிலையில் இருக்கிறதா?" என்றார்.

"கொஞ்சம் தேய்மானம் சார். மாற்று கிடையாது."

"இது இல்லாமல் கல்யாணம் ஓடாதா?"

"ஓடும் சார். ஸ்டீயரிங் இல்லாத லாரியும் ஓடும்."

இரண்டு முகத்திலும் அசைவில்லை. கேட் பாஸிலும் கையெழுத்து, லீவு ஃபாரத்திலும் கையெழுத்து. மாலையோடு வருகிறேன். நீயும் மாப்பிள்ளையும் ஆயிரத்தெட்டு வருஷம் சிரித்து வாழ்க. அக்காவுக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உன் மாமன் நாகலிங்கம்

பி.கு.: கவரை ஒட்டும்போது ஒரு விஷயம் தெரிந்தது. மேனேஜர் பிரிட்டிஷ்காரரே இல்லையாம், நியூசிலாந்தாம். அந்த மாதிரி நாடகம் ஒன்றுகூடப் பார்த்ததில்லையாம். முந்தின நாளே நெய்னா பாய் முக்கால் மணி நேரம் அவர் முன்னால் நின்று, தாய்மாமன் என்றால் யார் என்று படம் போட்டு விளக்கி, என் லீவுக்குச் சம்மதம் வாங்கிவிட்டாராம். "ஏன் பாய் சொல்லல?" என்றேன். "சொல்ல வர்றதுக்குள்ள நீங்க கேட் பாஸோட உள்ள போயிட்டீங்கண்ணே. ஆபீசே கதவுகிட்ட நின்னு கேட்டுச்சு, யாரு நிறுத்துவா?" கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பெயர் இருக்கிற வரிக்குக் கீழே இன்னொரு பெயருக்கு இடம் இருக்குமா என்று அச்சகத்தில் கேள்.