சிவப்புப் பொத்தானுக்கு நாற்பத்தொரு பக்கம்

உலகில் இதுவரை எழுதப்பட்ட ஆவணங்களில் முறையாகக் கட்டமைக்கப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அது ஒரு சோப்புத் தொழிற்சாலையின் மாடியறையில், தர மேலாளரின் மேசைமேல் இருந்தது. எழுதியவரும் அவரே, இப்படிப் பாராட்டியவரும் அவரே.

அதற்கு முன்பு அங்கே பேக்கிங் மிஷினை நிறுத்தும் பணி வெட்கக்கேடாக நடந்துவந்தது. பதினாறு வருடமாக அதை ஓட்டிய அக்கா, புதிதாக வருகிறவர்களிடம், "சத்தம் மாறுச்சுன்னா சிவப்பை அமுக்கு" என்பார். பயிற்சி அவ்வளவுதான். நோக்கம் கிடையாது, வரம்பு கிடையாது, 'திருத்த வரலாறு' கிடையவே கிடையாது. கேட்ட மேலாளர், மிஷினை நிறுத்தும் முறையை ஆவணமாக்க அன்றே உட்கார்ந்தார்.

மூன்று மாதம் மாங்கு மாங்கென்று எழுதினார். வீட்டில் மனைவி பொறுமை இழந்தாள்.

"பால் பொங்கினா அடுப்பை அணைக்கணும். இதைச் சொல்ல உங்களுக்கு எத்தனை பக்கம் வேணும்?"

"முதல்ல 'பொங்குதல்'னா என்னன்னு வரையறுக்கணும்ல?"

அவள் எழுந்து போய்விட்டாள். மேதைகளுக்கு வீட்டில் இதுதான் கதி என்று அவர் தேற்றிக்கொண்டார்.

நோக்கத்துக்கு நாலு பக்கம், வரையறைகளுக்குப் பதினொன்று. மிஷினை நிறுத்துமுன் தர மேலாளரின் எழுத்துபூர்வ அனுமதி பெற வேண்டும் என்பது ஒன்பதாம் அத்தியாயம். பொத்தானை அமுக்கும் விஷயம் முப்பத்தெட்டாம் பக்கத்தில் வந்தது. அதற்கு முன்னால் வந்தால் ஆவணத்துக்கு என்ன மரியாதை?

வெளியீட்டு நாளில், ஓடும் மிஷினருகே முதலாளி முன்னிலையில் முக்கியமான அத்தியாயங்களைத் தாமே வாசித்தார். ஒன்பதாவது முடிந்து பக்கத்தைப் புரட்டக் குனிந்தபோது, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடா உருளையில் சிக்கிக்கொண்டது. சோப்புகளோடு சோப்பாக அவரும் உறைக்குள் போகத் தயாரானார்.

"அக்கா... நிறுத்துங்க!"

"எழுதிக் குடுக்காம எப்படி சார்?" என்று கேட்டுக்கொண்டே, பதிலுக்குக் காத்திராமல் அக்கா சிவப்பை அமுக்கினார்.

மேலாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கடமையும் வந்து தொலைத்தது.

"இந்தம்மா நீங்க எழுதினபடிதான் செஞ்சாங்களா?" என்றார் முதலாளி.

"இல்லைங்க சார். அனுமதி வாங்கலை."

"அப்படி மீறினா என்னன்னு எழுதியிருக்கீங்க?"

"மெமோ... சார்."

சொல்லும்போது அவருக்கே கூசியது. தன்னைப் போல ஒரு நன்றிகெட்டவன் இருக்க முடியாது என்றும் தோன்றியது. ஆனால் நன்றி என்ற தலைப்பில் அவர் எதுவும் எழுதியிருக்கவில்லை. கழுத்தில் கட்டோடு உட்கார்ந்து அக்காவுக்கான மெமோவில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் அக்காவின் விளக்கக் கடிதம் வந்தது.

"நடந்த தவறுக்கு வருந்துகிறேன். அடுத்த தடவை சார் மாட்டிக்கொண்டால், நாற்பத்தொரு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்து, சாரிடமே கையெழுத்து வாங்கிய பிறகுதான் மிஷினை நிறுத்துவேன் என்று உறுதி கூறுகிறேன்."

தம் ஆவணத்தை முழுக்கப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அக்காதான் என்று மேலாளர் உள்ளம் நெகிழ்ந்தார். 'பயிற்சி முழு வெற்றி' என்று குறித்துக் கடிதத்தைக் கோப்பில் சேர்த்தார். அன்றிலிருந்து அந்த மிஷினுக்குப் பத்தடி தள்ளியே நடக்கிறார்.