பதினோராவது ஷரத்து

ஒப்பந்தச் சட்டம் கற்பித்துக்கொண்டே என் சொந்த ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவள் நான்.

டெல்லியில் ஒரு சட்டக் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக முதல் வருடம். எல்லாப் பாடங்களிலும் சுற்றுச்சூழல் பாதுகாப்பைச் சேர்த்து நடத்தச் சொல்லி உத்தரவு வந்தது. மற்றவர்கள் விழித்துக்கொண்டிருக்க, நான் முந்திக்கொண்டு கை தூக்கினேன். (வேலை நிரந்தரமாக வேண்டுமே.) துறைத்தலைவி வகுப்பைப் பார்வையிட வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

முனிர்காவில் நான் குடியிருந்த வீட்டின் வாடகை ஒப்பந்தத்தைப் பெயர்களை அடித்துவிட்டு நகலெடுத்துக் கொடுத்தேன். "தண்ணீரைக் காப்பாற்ற இதில் என்ன ஷரத்து சேர்க்கலாம்?" என்று கேட்டேன்.

சற்று நேரத்தில் ரித்திகா எழுந்து என் மேசைக்கு வந்தாள். டெல்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண். மற்றவர்களுக்குப் புரியாதபடி தமிழில் முணுமுணுத்தாள்.

"மேம், பதினொண்ணாவதை ஏக் பார், ஒரே ஒரு தடவை, நீங்க பாத்துடுங்களேன்."

"எதுவானாலும் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லும்மா" என்றேன் கம்பீரமாக. (அந்தக் கம்பீரத்தை இன்றும் மன்னிக்க முடியவில்லை.)

பாவம், உரக்கப் படித்தாள். வீட்டின் ஆழ்துளைக் கிணற்றுக்கு அனுமதி இல்லை என்பது வாடகைதாரருக்குத் தெரியும். யாராவது கேட்டால் முழுப் பொறுப்பும் அவருடையது.

"இதில் யார் மேம் கையெழுத்துப் போடுவாங்க?" என்றான் ஒரு மாணவன். எல்லோரும் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்கள். பெயரை அடித்த நான் கையெழுத்தை அடிக்க மறந்திருந்தேன்.

"சரி, வாடகைதாரர் இப்போது என்ன செய்யலாம்?" என்று துறைத்தலைவி கேட்டார். கேள்வியை அப்படியே வகுப்பிடம் தள்ளினேன். பிள்ளைகளிடம் பதில் இருந்தது. இந்த ஷரத்து செல்லாது என்றான் ஒருவன். செல்லாவிட்டாலும் நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டுதானே இருக்கும் என்று இன்னொருத்தி மடக்கினாள். அனுமதி வாங்குவது உரிமையாளர் கடமை, மழைநீரைச் சேமிக்கக் குழி தோண்ட வேண்டும், செடிகளுக்குக் குடிநீர் கூடாது என்று ரித்திகா புதிய ஷரத்தை எழுதிக் காட்டினாள். ஒரு சொல்லைக்கூட நான் திருத்த வேண்டியிருக்கவில்லை. அவமானத்தையும் மீறிப் பெருமையாக இருந்தது.

வீட்டு உரிமையாளரிடம் பேசவும் அவளே வந்தாள். மனிதர் இரண்டு முறை படித்துவிட்டு, "அச்சா, படிச்சவங்க எழுதினதுன்னு தெரியுது" என்று இந்தியில் சொல்லி ஒப்புக்கொண்டார். மழைக்கு முன் குழி வெட்டியாயிற்று.

எனக்கு வேலையும் நிரந்தரமானது. 'சொந்த அனுபவத்திலிருந்து கற்பிக்கிறார்' என்று துறைத்தலைவி குறிப்பெழுதியிருந்தார்.

இத்தனை வருடங்கள் கழித்தும் இந்தக் கதையை என் கணவர் வீட்டுக்கு வரும் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறார். போன வாரம் எங்கள் மகளின் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெற்றோர் சம்மதக் கடிதம் வந்தது. நான் பேனாவை எடுத்தேன்.

"அம்மா போடட்டும்ப்பா" என்றாள் மகள் அவரிடம். "ஆனா நீங்க படிச்சிடுங்க."