யானைக்கு வாங்கிய மோட்டார்

பக்தி அதிகமாக உள்ளவனிடம் மோட்டார் வாங்கும் பொறுப்பைக் கொடுக்கவே கூடாது. நான் இப்படிச் சொல்லும்போது எங்கள் ஊரில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அவர்கள் மறுக்காததுதான் எனக்கு வருத்தம்.

எங்கள் ஊர் அரிமளத்துக்குப் பக்கம். பங்குனி உத்திரத் திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒரு தெருவின் மண்டகப்படி. அன்றைக்கு முருகன் அந்தத் தெருப் பந்தலில் வந்து அமர்வார். பூசை, அலங்காரம், பிரசாதம் எல்லாம் அந்தத் தெருவின் பொறுப்பு. எங்கள் கீழத்தெருவுக்குத் திருக்கல்யாண நாள். தாத்தா காலத்து உரிமை. ஆனால் சில வருஷங்களாகக் கூட்டம் எங்கள் பந்தலில் நிற்கவில்லை. கும்பிட்டுவிட்டு, மேலத்தெருவில் புதிதாகப் போட்ட வண்ண விளக்குகளைப் பார்க்கப் போய்விடும். கல்யாண நாளையே எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று மேலத்தெருக்காரர்கள் அம்பலத்தின் முன்னால் போய் நின்றார்கள். அம்பலம் என்றால் ஊர்த் தலைவர். அவர் பேச்சுதான் முடிவு.

"இந்த ஒரு வருஷம் பாக்குறேன்ப்பா" என்றார் அம்பலம். "கல்யாணத்தன்னிக்குச் சாமி ஒத்தையில ஒக்காந்திருந்தார்னா, அடுத்த வருஷம் மேலத்தெருவுக்குத்தான்."

தெருவே கூடி உட்கார்ந்து யோசித்தது. தச்சுவேலை செய்யும் செவத்தியான்தான் வழி சொன்னான். அவன் சர்ச்சில் ஈஸ்டருக்கு ஆண்டவர் சுரூபத்தைக் கயிறு கட்டி மேலே எழும்ப வைப்பவன்.

"மூங்கில்லயும் காயிதத்துலயும் ஒரு யானை செஞ்சு தாரேண்ணே. தும்பிக்கையில மாலைய மாட்டிவிட்டா, அதுவே தூக்கி முருகன் கழுத்துல போடும். மோட்டாரு மட்டும் வாங்கிக் குடுங்க."

எனக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. வள்ளி கல்யாணத்துக்கு யானையாக வந்து தம்பிக்கு உதவியவர் பிள்ளையார்தானே! அவரே வந்து மாலை போட்டால் எந்த விளக்கைப் பார்க்கக் கூட்டம் நகரும்?

மோட்டார் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். கயிறு வியாபாரத்துக்காக மாதம் ஒருமுறை திருச்சி போய் வருவேன். (திருச்சி போய் வருகிறவனுக்கு மோட்டார் தெரியும் என்று ஊர் நினைத்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.)

திருச்சிக் கடைக்காரர் பொறுமையான மனிதர்.

"எவ்வளவு எடை தூக்கணும்?"

"ஒரு மாலைங்க."

"எங்க போய் நிக்கணும்?"

"சாமி கழுத்துலங்க."

அவர் அலமாரியிலிருந்து தையல் மிஷினில் மாட்டுகிற மோட்டார் ஒன்றை எடுத்து வைத்தார். ஒரு மாங்காய் அளவுதான் இருந்தது. "இதுதான் உங்களுக்குச் சரி. உள்ள சுத்துற உருளை லேசு. தொட்டா ஓடும், விட்டா அந்த இடத்துலயே நின்னுடும். ஓடுறதுக்கு எந்த மோட்டாரும் ஓடிரும். நிக்கிறதுக்குத்தான் பாத்து வாங்கணும்."

அந்த வார்த்தையை அன்றைக்குக் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. என் பார்வை கடை மூலையில் இருந்தது. அங்கே கிணற்றில் இறைப்பதற்கான மோட்டார் ஒன்று பச்சை வர்ணத்தில், சிவன் கோயில் நந்தி மாதிரி கம்பீரமாக உட்கார்ந்திருந்தது.

"அது என்னங்க?"

"அது ஒங்களுக்கு வேணாம். ரொம்பக் கனம். சுத்த ஆரம்பிச்சா லேசுல நிக்காது."

"சாமி காரியங்க. சாமிக்குப் போய் மாங்காய் அளவுல வாங்குறதா?"

கடைக்காரர் பில் புத்தகத்தை எடுத்தார். சாமியை இழுத்துவிட்டால் யார்தான் மறுக்க முடியும்?

சாக்கில் கட்டிப் பஸ்ஸில் ஏற்றினேன். கீரனூரில் ஏறியவர்கள் எல்லாரும் அதில் இடித்துக்கொண்டார்கள். "இது என்னண்ணே, ஆட்டுக்கல்லா?" என்று கண்டக்டர் கேட்டார். "முருகனுக்கு" என்றேன். அவர் உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதில் கால் படாமல் நகர்ந்து போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டில் என் மனைவி சிவகாமி சாக்கைப் பிரித்துப் பார்த்தாள்.

"ஏங்க, இது மாலையத் தூக்குறதுக்கா, யானையத் தூக்குறதுக்கா?"

"ஒனக்கு என்ன தெரியும்? பலம் இருக்கணும்."

"மாலைக்கு எதுக்குங்க பலம்?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் மோட்டாருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தேன்.

செவத்தியான் செய்த யானையைச் சும்மா சொல்லக் கூடாது. பார்த்த குழந்தைகள் வாழைப்பழம் நீட்டின. தும்பிக்கை நுனியில் ஒரு பித்தளைக் கொக்கி. வயிற்றுக்குள் மோட்டாரும் சக்கரமும். சக்கரம் பாதி சுற்றினால் தும்பிக்கை மேலே போகும், மீதி சுற்றினால் கீழே வரும். மேலே போனதும் நான் சுவிட்சை அணைக்க வேண்டும்; மாலை கொக்கியிலிருந்து நழுவிச் சாமி கழுத்தில் விழும். வேலை அவ்வளவுதான்.

நண்பகலில் ஓட்டிப் பார்த்தோம். வயல்களில் எல்லாப் பம்புகளும் ஓடுகிற நேரம், ஊரில் கரண்ட் இளைத்துப் போயிருந்தது. மோட்டார் முனகிக்கொண்டு எழுந்து, தும்பிக்கையைப் புது மாப்பிள்ளை மாதிரி கூச்சத்தோடு தூக்கியது. அணைத்ததும் நின்றது. "கடைக்காரன் என்னமோ பயமுறுத்தினான்" என்று செவத்தியானிடம் சிரித்தேன்.

மாலையில் திருவிழாவுக்காக வயல் பம்புகளையெல்லாம் நிறுத்தியிருந்தார்கள். பந்தல் விளக்குகள் என்றுமில்லாத வெளிச்சத்தோடு எரிந்ததைப் பார்த்து நான் முருகன் அருள் என்று நினைத்தேன். மோட்டாருக்கும் அதே முழுக் கரண்ட்தான் வரும் என்று தோன்றவில்லை.

கூட்டம் அலைமோதியது. மேலத்தெரு முழுவதும் எங்கள் பந்தலில்தான். அம்பலம் முன்வரிசையில் நின்றார். தலையில் பரிவட்டம். சாமிக்குச் சாத்திய பட்டுத் துணியைக் குருக்கள் எடுத்து ஊர்த் தலைவரின் தலையில் கட்டிவிடுவாரே, அந்த முதல் மரியாதை. அந்தத் துணிக்காக எங்கள் பக்கத்து ஊர்களில் கோர்ட் வரை போயிருக்கிறார்கள்.

நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்கு ஏறியது. சக்கரத்தைப் பார்த்துக்கொள்ளச் செவத்தியான் யானை வயிற்றுக்குள் இருந்தான். நான் "முருகா!" என்று சுவிட்சைப் போட்டேன்.

தும்பிக்கை ஒரே வீச்சில் மேலே போனது. மாலை சாமி தலைக்கு மேல் பறந்து, தென்னை மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயின் கழுத்தில் போய் விழுந்தது. சுவிட்சை அணைத்தேன். அது தன்பாட்டுக்குச் சுற்றியது.

"நிப்பாட்டுங்கண்ணே!" என்று யானை வயிற்றிலிருந்து குரல் வந்தது.

"நிப்பாட்டிட்டேன்டா!"

"நிக்கலண்ணே!"

யானை பேசுகிறது என்று பின்னாலிருந்த பெண்கள் குலவையிட்டார்கள். தும்பிக்கை கீழே வந்தது, மேலே போனது, மறுபடி கீழே வந்தது. அம்பலம், "என்னப்பா ஆச்சு?" என்று குனிந்து எட்டிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துக் கொக்கி அவர் பரிவட்டத்தில் மாட்டியது. பட்டுத் துணி அவிழ்ந்து, பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு மேலே போய், முருகனின் தோளில் விழுந்தது.

அங்கேதான் மோட்டாருக்கு நிற்கத் தோன்றியது.

நாதஸ்வரம் நின்றது. வெறும் தலையோடு அம்பலம் நின்றார். சாமி கொடுத்த மரியாதையைச் சாமியே திரும்ப வாங்கிக்கொண்டார் என்று ஒரு பேச்சு எழுந்தால் போதும், அவர் தலைமை போனது, எங்கள் தெருவும் போனது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்புக் கிளம்பவும் செய்தது. என் கை சுவிட்சிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. முருகா, என்னை வேண்டுமானால் எடுத்துக்கொள், இந்த மனிதரை விட்டுவிடு என்று வேண்டினேன். வாழ்நாளில் அப்படி ஒரு வேண்டுதலை நான் வைத்ததில்லை.

அம்பலம் முருகனையே பார்த்தார். பிறகு கைகூப்பினார்.

"அவர் துணி, அவர் கேட்டா குடுக்க வேண்டியதுதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆனா கேட்டது அவரா, ஒன் மோட்டாரான்னு தெரியலையேப்பா!" என்றார்.

பந்தல் வெடித்துச் சிரித்தது. குருக்களும் சிரித்துவிட்டார். சாமியின் தோளிலிருந்து துணியை எடுத்து, "குனியுங்கோ" என்று மறுபடியும் அவர் தலையில் கட்டினார்.

அம்பலம் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "ஒரே நாள்ல ரெண்டு தடவ பரிவட்டம் வாங்குனவன் இந்த வட்டாரத்துலயே நான்தான். கல்யாணம் கீழத்தெருவுலயே இருக்கட்டும். மோட்டார மட்டும் மாத்துங்கப்பா."

அன்றைக்கு வீடு திரும்பியதும் நான் சாப்பிடவில்லை. பூசை மாடத்தின் முன்னால் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு பூவைப் போட்டாலும் ஏற்றுக்கொள்கிறவர் முருகன். பெரிய மோட்டார் வேண்டும் என்று அவர் கேட்டாரா? பஸ்ஸில் கண்டக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டபோது எனக்கு வந்த பெருமை இருக்கிறதே, அதற்காகத்தான் வாங்கியிருக்கிறேன். கனத்தை நான் சுமந்து, பெயரைச் சாமிக்கு வைத்திருக்கிறேன்.

மறு வருஷம் தையல் மிஷின் மோட்டாரும் பல்சக்கரமும் வைத்தோம். தும்பிக்கை மெல்ல எழுந்து, மாலையைப் பிசகாமல் கழுத்தில் போட்டு, அங்கேயே நின்றது. கூட்டம் சற்று நேரம் காத்திருந்தது. "அவ்வளவுதானா? போன வருஷந்தான் நல்லா இருந்துச்சு" என்று சொல்லிக்கொண்டு கலைந்தது. அம்பலம் மட்டும், ஒரு கையால் பரிவட்டத்தைப் பிடித்தபடி, கடைசிவரை நின்றார்.

பெரிய மோட்டார் இன்றைக்கும் என் கிணற்றில்தான் தண்ணீர் இறைக்கிறது. அங்கே அது குறை சொல்ல முடியாத மோட்டார்.

ஆனால் என்னை நான் நன்றாக அறிந்துகொண்டது அதனால்தான். எனக்கும் உள்ளே உருளை கனம். கோபம் வந்தால் காரணம் தீர்ந்த பிறகும் ஓடிக்கொண்டிருப்பேன். புத்தி சொல்ல ஆரம்பித்தால் கேட்கிறவர் எழுந்து போன பிறகும் சொல்லிக்கொண்டிருப்பேன். அதனால் தினமும் விளக்கேற்றியதும் ஒன்றுதான் கேட்கிறேன்: முருகா, நிற்க வேண்டிய இடத்தில் என்னை நிறுத்து. அதையும் சுருக்கமாகக் கேட்க வரவில்லை. விளக்கமாக, காரணங்களோடு, நீட்டி நீட்டி வேண்டிக்கொண்டிருப்பேன்.

அடுப்படியிலிருந்து சிவகாமியின் குரல் வரும்.

"ஏங்க, சுவிச்ச அணைச்சு ரொம்ப நேரமாச்சு. சாப்பிட வாங்க."