மீனாம்பாள் கூரையில் அழகையா

ஆட்டோவிலிருந்து இறங்கியதும் மாரியாயியின் கண்ணில் முதலில் பட்டது அவள் புருஷன்தான். பக்கத்து வீட்டு மீனாம்பாளின் அடுப்படிக் கூரைமேல், கோட்டுப் போட்டுக்கொண்டு, பத்தடி நீளத்துக்குச் சிரித்தபடி படுத்திருந்தார். தலைமாட்டில் 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்து.

நிஜப் புருஷன் இன்னும் ஆட்டோவுக்குள்ளேயே இருந்தார். மகன் சுரேஸ் அவரைக் கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டிருந்தான். மாரடைப்பு வந்து, பெரியாஸ்பத்திரியில் எட்டு நாள் கிடந்து, அடைப்புக்கு நெஞ்சுக்குள் வைத்த ஒரு ஸ்பிரிங்கோடு அழகையா வீடு திரும்பும் நாள் அது. "அதிர்ச்சியான எதையும் காட்டிராதீங்க அம்மா" என்று டாக்டர் சொல்லி மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

"ஏங்க, தலையத் தூக்காதீங்க!"

"ஏன் புள்ள?"

"அண்ணாந்து பாக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"எப்ப சொன்னாரு?"

"நீங்க தூங்குறப்ப."

தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்துக்குப் பதினோரு வருஷமாகத் தலைவர் அழகையா. தோட்டத்தை ஆளும் துரைக்கே தலை குனியாத மனுஷன், டாக்டர் பெயரைக் கேட்டதும் மண்ணைப் பார்த்தபடி லயத்து வரிசை வீட்டுக்குள் நடந்தார். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? "கழுத்து நிமிரலையாமே!" என்று சாயங்காலத்துக்குள் முப்பது பேர் பாணும் பிஸ்கட்டுமாக வந்து மூக்கைச் சிந்தினார்கள். அவர்களைக் கிளப்புவதற்குள் மாரியாயிக்கே நெஞ்சு அடைத்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் அவள்தான். எட்டு நாளைக்கு முன்பு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் அழகையா சுருண்டு விழுந்தபோது தூறல் போட்டது. அம்புலன்ஸில் ஏற்றும்போது முகம் நனையுமே என்று போர்வையை இழுத்துத் தலைவரைக்கும் மூடிவிட்டாள். தூரத்தில் நின்றவர்களுக்கு அது போதாதா? வண்டி வளைவு திரும்புவதற்குள் சங்கத்துச் செயலாளர் ஜெயரூபன் பேனரைக் கட்டிவிட்டான். 'அப்பா கஞ்சி குடிக்கிறார்' என்று மதியம் சுரேஸ் போன் பண்ணிய பிறகுதான் அவிழ்த்தார்கள்.

ஜெயரூபனைத் தனியாகப் பிடித்து நாலு வார்த்தை கேட்டாள்.

"ஏன்டா, அவசரத்துல பொறந்தவனே! ஒரு மணி நேரத்துல எப்புடிடா அடிச்ச? அந்தக் கோட்டுப் படம் ஏது? எங்க வீட்டுல கோட்டே கெடையாதே!"

"அது வந்து... மாமி... தேதிய மட்டுந்தான் நாங்க மார்க்கர்ல எழுதுனோம்" என்று தலையைச் சொறிந்துகொண்டு நழுவிவிட்டான்.

அடுத்து மீனாம்பாள்.

"போன மாசக் காத்துல தகரம் பறந்துருச்சுக்கா. நல்ல பேனரு, சும்மாதானே கெடக்குதுன்னு போட்டேன்."

"போட்டது சரி. எழுத்து உள்பக்கமா வர்ற மாதிரி திருப்பியாவது போடேன்."

மீனாம்பாள் நல்லவள், திருப்பிப் போட்டாள். மறுநாள் காலை அழகையா முகம் கழுவப் போயிருந்த நேரம், பேனரை மடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நீங்களே வச்சிக்கங்கக்கா. அண்ணன் மேலேருந்து சட்டிக்குள்ளயே பாத்துக்கிட்டு இருக்காரு. எனக்குக் கறிக்கு உப்புப் போடவே கை வரல."

ஒன்றரை அறை லயத்தில் பத்தடிப் புருஷனை எங்கே ஒளிப்பது? எரித்துவிடலாம் என்று அடுப்படிக்குப் போனாள். உயிரோடு இருக்கிற மனுஷன் முகத்துக்குத் தீ வைக்க மனம் வரவில்லை. கடைசியில் அவர் படுக்கிற மெத்தைக்கு அடியிலேயே விரித்துவிட்டாள். படுத்திருப்பவர் மெத்தையைத் தூக்கிப் பார்க்கப் போவதில்லையே.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அழகையா கட்டிலில் சாய்ந்தார். 'சரக்' என்றது. புரண்டார். 'சரக் சரக்.'

"மாரி, நெஞ்சுக்குள்ள ஏதோ சத்தம் போடுது புள்ள."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"ஸ்பிரிங் கழண்டுருச்சு போல!"

சுரேஸ் பதறிப்போய் ஆட்டோவைக் கூப்பிட்டான். மறுபடி பெரியாஸ்பத்திரி. ஈசிஜி எடுத்தார்கள், ஸ்டெதாஸ்கோப் வைத்தார்கள். "குதிரை மாதிரி இருக்காரு" என்றார் டாக்டர். மாரியாயி வெளி பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். இதே பெஞ்சில்தான் எட்டு நாளும் இருந்தாள். இந்த மனுஷன் இல்லாவிட்டால் அந்த ஒன்றரை அறை எத்தனை பெரிதாகிவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது. உண்மையைச் சொன்னால் அவர் தாங்குவாரா? சொல்லாமலே வீட்டுக்குக் கூட்டி வந்தாள்.

கட்டிலில் சாய்ந்தார். 'சரக்.'

"அந்த டாக்டருக்குக் காது கேக்கல" என்று எழுந்து உட்கார்ந்தார் அழகையா. "சுரேஸு, நாளைக்குக் கண்டிக்குப் போவோம். நெஞ்சத் தொறந்தே பாத்துறச் சொல்லுவோம்."

அதற்குமேல் மாரியாயியால் முடியவில்லை. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை ஒரு கையில் தயாராகப் பிடித்துக்கொண்டாள்.

"நெஞ்ச யாரும் தொறக்க வேணாம். எந்திரிங்க. மனச மட்டும் கல்லாக்கிக்கங்க."

மெத்தையைத் தூக்கினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். முத்துமாரியம்மனுக்கு ஒரு சேவல் நேர்ந்தாள். சத்தம் வராததால் இன்னொரு சேவலும் நேர்ந்தாள்.

"யாரு இத மடிச்சது?" என்றார் அழகையா.

கண்ணைத் திறந்தாள். குனிந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாகத் தன் அஞ்சலியை வாசித்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க?"

"மூக்குமேல கோடு விழுந்துருச்சு பாரு. இதெல்லாம் சுருட்டித்தான் வைக்கணும்."

"ஒங்களுக்கு... ஒண்ணும் செய்யலையா?"

அழகையா அண்ணாந்து பார்க்கக் கூடாது என்பதை மறந்து கூரையைப் பார்த்தார்.

அப்போது வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கையில் நீளமாக ஒரு சுருளோடு உள்ளே வந்தான் ஜெயரூபன். மாரியாயி கட்டிலோரம், திறந்திருந்த கதவுக்குப் பின்னால் நின்றதை அவன் கவனிக்கவில்லை.

"மாமா, நீங்க சொன்ன மாதிரியே மாமி படத்துக்குப் பட்டுச்சேலை மாத்திப் போட்டுட்டாங்க, தேதிய மட்டும் நம்ம எழுதிக்கலாம்!"