கை தூக்கினால் ரத்தம் ஊறும்

"இன்னும் மேல தூக்கு. கை காதுல ஒட்டணும். அப்பத்தான் ஊறும்."

"என்ன மாமா ஊறும்?"

"ரத்தம். பேசாம தூக்கு, குரு நம்மளத்தான் பார்க்கிறார்."

சொன்னவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களை ஏற்றி இறக்கியவர், இப்போது கிட்னி போய், ஒரு மாடி ஏறுவதற்குள் நின்று நின்று மூச்சு வாங்குகிறார். கேட்டவள் அவருடைய மச்சினி. கல்லூரியில் உயிரியல் நடத்துகிறாள். வீட்டில் அவளுக்குப் பெயர் 'கேள்விக்குறி'.

மண்டபம் வழிந்தது. சிறுநீரகம் கைவிட்டவர்கள் நாற்காலிகளில். அவர்களைக் கைவிடாத சொந்தக்காரர்கள் சுவரோரமாக. ஆஸ்பத்திரியில் பத்து நிமிடம் தாமதமானால் டாக்டரைச் சட்டையைப் பிடித்துக் கேட்கும் ஜனம், இங்கே இருமக்கூட அனுமதி கேட்டது.

மேடையில் ரத்த குரு. தொளதொள வெள்ளை அங்கி. அதன் கை விரல்நுனி வரை தொங்கியது.

"எனக்கும் கிட்னி போச்சு. மலை உச்சியில போய் உட்கார்ந்தேன். ரத்தம் தானா ஊறிச்சு. அன்னையிலிருந்து ஊசி படாத உடம்பு இது! நீங்களும் ஊசியை விடுங்க. அது உடம்பைச் சோம்பேறி ஆக்கும்."

கைதட்ட வழியில்லை. எல்லார் கையும் மேலே இருந்தது. அதனால் "ஆஹா" என்றார்கள்.

இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் மாமா போன மாதம், ரத்தம் ஊற டாக்டர் போட்டுவந்த ரத்த ஊசியை நிறுத்தினார். டயாலிசிஸை நிறுத்தச் சொல்லி மட்டும் குரு யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அடுத்த வாரம் கூட்டத்துக்கு ஆள் இருக்காது.

குரு இறங்கி வந்து வரிசையாக ஒவ்வொருவர் இடுப்பிலும் கிட்னி இருக்கும் இடத்தைத் தொட்டார். "இப்ப இறக்குங்க. உள்ளங்கையைப் பாருங்க!"

சாம்பல் பூத்திருந்த கைகளில் சிவப்பு ஏறியது. ஓர் அம்மா விம்மி அழுதாள். வாசலில், ரத்தம் ஊறும் என்று விற்ற சிவப்புப் புட்டித் தண்ணீர் வியாபாரம் சூடுபிடித்தது.

"பார்த்தியா?" என்றார் மாமா.

"பார்த்தேன். என் கையும்தான் சிவந்திருக்கு. என்னை அவர் தொடவே இல்லையே."

"காத்துல பரவியிருக்கும்."

"தூக்கினா ரத்தம் கீழே இறங்கும், இறக்கினா திரும்பி வரும். ஊறலை மாமா, மாடி மாறியிருக்கு. லிஃப்ட்காரருக்கு இதையும் நான் சொல்லணுமா?"

"அப்ப மலை? மலைக்குப் போனா ரத்தம் கூடும்னு நீயே சொல்லியிருக்கே."

"கூடும். அங்க ஆக்சிஜன் கம்மி. அதைக் கண்டுபிடிக்கிறது கிட்னி. உடனே எரித்ரோபொயட்டின்னு ஒரு ஹார்மோனை அனுப்பும். எலும்பு மஜ்ஜைக்கு 'சிவப்பணு செய்'னு உத்தரவு. உத்தரவு போடுறவரே படுத்துட்டா மலை என்ன பண்ணும்? டயாலிசிஸ் மெஷின் ரத்தத்தைச் சுத்தம் பண்ணும், உத்தரவு போடாது. அந்த வேலையைத்தான் ஊசி பண்ணுது. அதுவும் அளவா. அதிகமானா ரத்தம் கெட்டியாகி எங்கயாவது அடைச்சுக்கும். அதுக்குத்தான் டாக்டர் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்."

"இப்ப ஊசி போடாட்டி என்னங்கிறே?"

"இன்னும் வெளுத்தா அடுத்தவங்க ரத்தம் ஏத்தணும். ஏத்த ஏத்த, அடுத்தவங்களுதை எதிர்க்க உடம்பு பழகிடும். அப்புறம் அக்கா குடுக்கிறேன்னு நிக்கிறாளே ஒரு கிட்னி, அதை உங்க உடம்பு வேண்டாம்னு தள்ளினாலும் தள்ளும்."

மாமா மறுபடி தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

கேள்விக்குறி எழுந்து நின்றாள்.

"குருவே, சின்ன ஆசை. உங்க உடம்பில ரத்தம் பொங்குது. கையைத் தூக்கினாலும் உங்க கை வெளுக்காது, இல்லையா? எங்களோட சேர்ந்து ஒரு தடவை தூக்கிக் காட்டுங்களேன்."

"குருவையே சோதிக்கிறதா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் சீறியது.

"ஐயய்யோ, தரிசிக்கிறோம்ங்க."

கூட்டத்துக்கு அது பிடித்துவிட்டது. எல்லாக் கைகளும் மறுபடி எழும்பின. "தூக்குங்க குருவே! தூக்குங்க!" சந்தேகப்படுகிறவனிடமிருந்து தப்பித்துவிடலாம். பக்தனிடமிருந்து தப்ப முடியாது. குரு வலது கையைத் தூக்கினார்.

"ரெண்டும்! காதுல ஒட்டணும்!" அவர் கற்றுக்கொடுத்த அதே ராகம்.

இடது கை தயங்கித் தயங்கி மேலே போனது. அங்கி சரசரவென்று தோள்வரை வழுக்கியது. முழங்கைக்குக் கீழே கயிறு போல் புடைத்த ரத்தக்குழாய். அதன்மேல் புத்தம் புதிதாக இரண்டு பிளாஸ்திரி.

"ஃபிஸ்டுலா!" என்றது முன்வரிசை.

வேறு எந்தக் கூட்டமாக இருந்தாலும் ஏதோ வீக்கம் என்று விட்டிருக்கும். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகவே அறுவை செய்து புடைக்கவைத்த ரத்தக்குழாய் அது. அங்கே நாற்காலியில் இருந்த அத்தனை பேருக்கும் அது சொந்தக் கை மாதிரி. பலருக்குச் சொந்தக் கையேதான். ஏமாற்றக் கிளம்பிய மனிதர், உலகத்திலேயே தன்னை அடையாளம் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஜனத்தைத் தேடிப்பிடித்துக் கூட்டியிருந்தார்.

"எந்த டயாலிசிஸ் சென்டர்ப்பா?" என்று கேட்டாள் அழுத அம்மா. கோபத்தைவிட அக்கறைதான் தெரிந்தது.

"ரத்த ஊசி உண்டா?" என்றாள் கேள்விக்குறி.

குரு அங்கியை இழுத்துவிட்டார். "அது... வாரத்துக்கு ஒண்ணுதான். டாக்டர் விடமாட்டேங்கிறார்."

சொல்லிவிட்டுப் பின்கதவு வழியாகப் போனார். நல்ல வேகம். ஊசி நன்றாகவே வேலை செய்கிறது.

மண்டபத்தில் பாதிப்பேர் இன்னும் கையைத் தூக்கியபடி இருந்தார்கள். இறக்கச் சொல்ல ஆளில்லை.

மாமாவும் அதில் ஒருவர். மச்சினி அவர் கைகளைத் தொடவில்லை.

"மாமா, அவர் சொன்னார்னு ஊசியை நிறுத்தினீங்க. நான் சொல்றேன்னு ஆரம்பிக்க வேண்டாம். கையை இறக்கி, கொஞ்சம் நீங்களா யோசிச்சுப் பார்த்துட்டு, நாளைக்கு ஊசி போட வாங்களேன்."