உன் அக்கா போட்ட குறுக்கு வழி

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். நீ நலமா என்று கேட்டால் மூட்டு வலியில் ஆரம்பித்து முடிக்கமாட்டாய். ஆகவே இரண்டையும் விசாரித்தாயிற்று என்று வைத்துக்கொள். உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பைச் சொல். விஷயம் இதுதான்: நான் குடியிருக்கும் வீட்டைப் பல்கலைக்கழகம் இடிக்கப் போகிறது. அதற்குக் காரணம் நான்தான். நீ உடனே புறப்பட்டு வரவேண்டும்.

உனக்கு ஞாபகம் இருக்கும், எங்கள் சமையலறைக் கதவைத் திறந்தால் பெரிய வெற்று மைதானம், அதன் அந்தப் பக்கம் உன் அக்கா வேலை பார்த்த நூலகம். தார் ரோடு மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போகும். கல்யாணமான புதிதில் நான் அவளுக்கு அந்த ரோட்டைக் காட்டினேன். "ரோடு சுத்திப் போகுதுன்னா அது அதோட இஷ்டம். நான் எதுக்குச் சுத்தணும்?" என்று சொல்லிவிட்டுப் புல்லில் இறங்கினாள். கடைசிவரை அப்படித்தான் போனாள், வந்தாள். நடுவில் ஒரு கிழட்டு நாய் படுத்திருக்கும். அதன் தூக்கம் கெடக் கூடாது என்று அந்த இடத்தில் மட்டும் வளைந்து போவாள். நாய் செத்த பிறகும் வளைந்தே போனாள். இப்படியாகப் புல்லுக்கு நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்தது.

அவள் போன பிறகு பெய்த முதல் மழைக்கு அந்தப் பாதையில் புல் தலைகாட்டியது. துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னால் அழாதவன், அந்தப் புல்லைப் பார்த்துவிட்டுச் சமையலறை வாசலில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் எழுந்து, அடி கனத்த பழைய ஷூவை மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். வகுப்புக்கு முன்னால் நடந்தேன், வகுப்புக்குப் பின்னால் நடந்தேன், வீட்டில் உட்கார முடியாதபோதெல்லாம் நடந்தேன், அதாவது எப்போதும். காவலாளி ஒருநாள் வழிமறித்து, "என்ன சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்றான். ஆமாம் என்றேன். பாவம், அவனும் குனிந்து புல்லை விலக்கித் தேட ஆரம்பித்துவிட்டான். "தங்கமா சார்?" என்று கேட்டான். அதற்கும் ஆமாம் என்றேன்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் வளாக விரிவாக்கத் திட்டக்காரர்கள் வந்து இறங்கினார்கள். விளக்குக் கம்பத்தில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டினார்கள். ஏதோ மின்சார சமாச்சாரம் என்று நினைத்து நான் என் பாட்டுக்கு அதன் முன்னால் போவதும் வருவதுமாக இருந்தேன். அது ஆள் நடமாட்டத்தை எண்ணுகிற கருவியாம். போகிற ஆள் யார், வருகிற ஆள் யார் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, எண்ணத்தான் தெரியும். ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப எண்ணினால் கணக்கெடுப்பு குட்டிச்சுவர் என்று வருஷா வருஷம் முதல் வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிற புள்ளியியல் பேராசிரியன் நான். என் லட்சணம் இது.

போன வாரம் ஆசிரியர்களைக் கூப்பிட்டு வரைபடத்தை விரித்தார்கள். எங்கள் சமையலறைக் கதவிலிருந்து நூலகம்வரை பட்டையாக ஒரு சிவப்புக் கோடு. திட்டத் தலைவி, சின்னப் பெண்தான், உற்சாகமாகச் சொன்னாள்: "இந்த வளாகத்துலயே ஜனங்க அதிகமா நடக்குற வழி இதுதான் சார். யாரும் போட்டுக் குடுக்கல, அவங்களா நடந்து நடந்து உண்டாக்கினது. எங்க தொழில்ல இதுக்கு விருப்பப் பாதைன்னு பேரு." நாய் படுத்திருந்த வளைவுக்கு நிலத்தின் சாய்வு, காற்றோட்டம் என்று என்னென்னவோ விளக்கம் சொன்னாள். இந்த வழியை அகலப்படுத்தி, கல் பதித்து, இருபுறமும் மரம் வைத்து, எங்கள் வீட்டு வாசல் பக்கம் எழும்பும் புது விடுதிகள்வரை நீட்டப் போகிறார்கள். குறுக்கே நிற்பது என் வீடு ஒன்றுதான்.

கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா என்று கேட்டேன். "முடியாது சார், இது ஒருங்கிணைந்த திட்டம்" என்றாள். பாதை நகர்ந்தால் அதன் கீழே போகும் தண்ணீர்க் குழாய் நகருமாம், குழாய் நகர்ந்தால் விடுதி நகருமாம், விடுதி நகர்ந்தால் உணவகம் குளத்துக்குள் போய் உட்காருமாம். எல்லாம் ஒன்றையொன்று கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. என்னைப் பிடித்துக்கொள்ளத்தான் அந்த வரைபடத்தில் ஆள் இல்லை.

அடுத்த வாரம் ஆட்சேபம் கேட்கும் கூட்டம். அந்தக் காலடியெல்லாம் ஒரே ஆளுடையது என்று சொன்னால் போதும், கோட்டை அழித்துவிடுவார்கள், வீடு பிழைத்துவிடும். போன கூட்டத்திலேயே சொல்லத்தான் எழுந்தேன். மரத்துக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீ வந்து எனக்காகச் சொல். உன் குரலுக்கு மைக்கும் தேவையில்லை. அந்தச் சமையலறைக் கதவைத் தோளால் இடித்துத் தூக்கினால்தான் திறக்கும், அவள் இடித்து இடித்து அந்த இடத்தில் பெயிண்டே போய்விட்டது. அதை விட்டுவிட்டு நான் எங்கே போவேன்?

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்துப் பெரிய ஆளாக வரட்டும், ஆனால் கட்டடத் திட்டம் போடுகிற படிப்பு மட்டும் வேண்டாம். எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருங்கள். அது எவ்வளவு அவசியம் என்று எனக்குத்தான் தெரியும்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் அத்தான்

பின்குறிப்பு: கூட்டத்துக்கு வரவேண்டாம். உறையை ஒட்டப் போகிற நேரத்தில் வாசலில் ஒரு பெண், புது விடுதிகளில் முதலில் கட்டி முடித்த ஒன்றில் சேர்ந்திருக்கிற மாணவி, கை நிறையப் புத்தகத்தோடு நின்றாள். "சார், தப்பா நெனைக்காதீங்க, உங்க வீட்டுக்குள்ள பூந்து லைப்ரரிக்குப் போகலாமா? ரோடு சுத்திப் போகுது, நான் எதுக்குச் சுத்தணும்?" என்றாள். உள்ளே விட்டு, சமையலறைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்து அனுப்பினேன். நாய் இருந்த இடத்தில் அவளும் வளைந்துதான் போனாள். கணக்கில் இப்போது இரண்டு பேர் ஆகிவிட்டார்கள், இனி நான் ஆட்சேபிக்க முடியாது. வளைவை மட்டும் நேராக்க வேண்டாம் என்று அந்தத் திட்டத் தலைவிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டைக் காலி செய்ய ஆள் வேண்டும், நீ அதற்கு வா. அந்தக் கதவைக் கழற்ற ஒரு ஸ்க்ரூடிரைவரும் எடுத்து வா.